தெளிந்த கடலில் தூண்டில்

"இராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் பாவத்தைத் தொலைக்கப் போவார்கள், நீங்கள் புதிதாகச் சேர்த்துக்கொண்டு வரப் போகிறீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். தூண்டில் நரம்புச் சுருளும் கையுமாக ஒருவன் ரயில் ஏறினால் வேறு எப்படிக் கேட்பாள்? கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடிய பிறகே தூண்டிலைத் தொடுவேன் என்று வாக்களித்துப் புறப்பட்டேன். 1914-ல் கட்டிய பழைய பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. 2025-ல் திறக்கப்பட்ட புதுப் பாலத்தின் மீது ரயில் ஊர்ந்தபோது ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். ஒரு பக்கம் நீர் மங்கலாயிருந்தது. மறுபக்கம் கண்ணாடி.

பாம்பன் தீவை இரண்டு கடல்கள் அணைத்துக்கொண்டிருக்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அவ்வூரார் முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் சொல்லுகிறார்கள். ஒன்று சாது, மற்றது முரடு என்பது கருத்து. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் அந்தச் சாதுப் பெண் போடுகிற கூத்தைப் பார்க்க வேண்டும்! 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியை விழுங்கிய புயலின்போது ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் ஏது?

காற்று மாறினால் நீரின் நிறமும் மாறும். வடகடலில் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. ஆகையால் வாடை அடித்தால் அடிமண் கிளம்பி நீர் கலங்கிவிடுகிறது. தென்கரையோ தீவின் மறைவில் அமைதியாய்த் தெளிந்து கிடக்கும். தென்மேற்குக் காற்று வந்ததும் முறை தலைகீழாகும். நான் போனது மாசி மாதம். தென்கடலில் பத்தடிக்குக் கீழே கிடக்கும் சிப்பியை எண்ணலாம்.

கண்ணுக்கு இவ்வளவு இன்பமான இக்காட்சி, பாம்பன் தெற்குவாடியில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவருக்குப் பெரிய துன்பமாயிருந்தது. அவரிடம் வலை கிடையாது. ஒரு சிறு வத்தையும் கைத்தூண்டிலும்தான். நான்கு நாளாகக் கூடை வெறுமை. பேத்தியின் பரீட்சைக் கட்டணத்துக்காக மீன் வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். கடன் தீருமட்டும் மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். மீனே கிடைக்காவிட்டால் கடன் குட்டி போடும்.

"கலங்கின தண்ணியில மீனுக்கு மூக்குத்தான் கண்ணு, ஐயா. தெளிஞ்ச தண்ணியில கண்ணுதான் எல்லாம். இப்ப அது நம்மளைப் பாத்துக்கிட்டிருக்கு" என்றார்.

அவர் தேடியது கலவா. பாறைப் பொந்தில் பதுங்கியிருந்து இரை அருகில் வந்ததும் பாய்ந்து விழுங்கும் மீன் அது. கழிமுகங்களில் வாழும் கொடுவாவுக்கும் இதே வழக்கம். வெளிநாட்டார் கொடுவாவை ஆசியக் கடல் 'பாஸ்' என்பார்கள். (கொடுவா ஆணாய்த் தொடங்கிப் பின்னால் பெண்ணாகிறது, கலவா இனங்களிற் பெரும்பாலானவை பெண்ணாய்த் தொடங்கி ஆணாகின்றன. கடலுக்கே ஆண், பெண் என்று பெயர் வைத்த ஊரில் மீன்கள் இப்படி!) அமெரிக்காவின் ஏரிகளில் 'பாஸ்' என்றே பெயர் கொண்ட வேறொரு மீனைப் பிடிப்பதற்கென்று ஒரு சாஸ்திரமே வளர்ந்திருக்கிறது. தெளிந்த நீரானால் நரம்பு மெல்லியதாக இருக்கட்டும், தூரத்தில் வீசு, இரையின் நிறம் இயற்கையாக இருக்கட்டும், வெளிச்சம் மங்கும் வேளையைப் பார் என்று அது விதிக்கிறது. பெரியவர் அந்தப் புத்தகங்களைக் கண்டதில்லை. ஆயினும் அவர் சொன்னவற்றில் பாதி அவைதாம்.

வத்தையில் எழுந்து நிற்க அவர் யாரையும் விடமாட்டார். இதற்கு நல்ல காரணம் உண்டு. நீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு மேலுலகம் முழுவதும் ஒரு வட்டப் பலகணிக்குள் அடங்கித் தெரிகிறது. ஒளி நீரில் புகும்போது வளைவதால் வரும் விந்தை இது. 3 மீட்டர் ஆழத்திலுள்ள மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் 7 மீட்டர். வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் கடலடியையே திருப்பிக் காட்டும். தூரத்தில் தாழ்ந்து உட்கார்ந்திருப்பவன் பலகணியின் விளிம்பில் நசுங்கி, இருக்கிறானோ இல்லையோ என்று ஆகிவிடுகிறான். அருகில் எழுந்து நின்றாலோ கோபுரம்தான்! இளங்காற்றில் நீர் சிலிர்த்தால் பலகணியே சிதறிப்போகும். காற்றற்ற நாளில் பெரியவர் கரையிலேயே உட்கார்ந்து நரம்பைச் சிக்கெடுத்துக் கொண்டிருப்பதன் இரகசியம் அதுதான்.

அவருடைய தகப்பனார் காலத்தில் பருத்தி நூல். தெளிந்த நீரில் அது கயிறாகத் தெரியுமாதலால் இருட்டிய பிறகே போவார்களாம். நைலான் 1938-ல் அமெரிக்காவில் வெளிவந்து, பின்னர் நம் கரைக்கும் வந்து, 'தங்கூஸ்' என்று பெயர் பெற்றது. நான் கொண்டுபோன சுருள் அதற்கும் இளையது. ஃப்ளூரோகார்பன் என்பது அதன் பெயர். நீர் ஒளியை வளைக்கும் அளவு 1.33, நைலானுக்கு 1.53-க்குக் குறையாது; இதற்கோ 1.42. நீரை நெருங்குமளவுக்கு நரம்பு நீரில் மறைகிறது.

ஆனால் இங்கேதான் சங்கடம். மறைய வேண்டுமானால் நரம்பு மெல்லியதாக வேண்டும். கலவாவோ இரையை விழுங்கியதும் பொந்துக்குத் திரும்பிவிடும். பாறை விளிம்பில் மெல்லிய நரம்பு உராய்ந்தால் அறுந்தது. தடித்த நரம்பானால் மீன் வராது. மெல்லியதானால் வந்த மீன் தங்காது.

குருசடை முதலிய 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்கு வெகுதூரம் விலகி, வெயில் சாயும் நேரத்தில் நங்கூரமிட்டோம். பெரியவர் தம் தடித்த நரம்பின் நுனியில் என்னுடையதில் இரண்டு பாகம் முடிந்தார். ஈயத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காலையில் வீச்சுவலையில் பிடித்துப் பானையில் உயிரோடு வைத்திருந்த சூடை மீன் ஒன்றைத் தூண்டிலில் கோத்து, நீரோட்டத்தோடு போகவிட்டார். ஐந்து பாகம், பத்து, இருபது. அது பாறையை நெருங்கியதும் நரம்பு வெடுக்கென்று இழுத்தது, மறுகணம் தொய்ந்தது. தூண்டிலும் போய், நரம்பும் போயிற்று.

அவர் பேசவில்லை. பாறையையும் நீரோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நங்கூரத்தைத் தூக்கச் சொல்லி, வத்தையைப் பக்கவாட்டில் நகர்த்தினார். இப்போது இரை பாறையின்மேல் போகாது. எட்டு பாகம் தள்ளி, வெறும் மணலின்மேல் போகும். "அது வீட்ட விட்டு வெளிய வரட்டும். திரும்பிப் போற வழியில நமக்குக் கொஞ்சம் நேரம் கெடைக்கும்" என்றார். பகலில் அப்படி வெட்டவெளிக்கு வருமா என்று கேட்டேன். "பகல்ல வராது. இன்னும் அரை நாழி பொறுங்க" என்று மேற்கே காட்டினார்.

சூரியன் மறைந்தது. கடல் ஈய நிறமாயிற்று. பானையில் மிச்சமிருந்த சூடைகள் இரண்டே. முதல் இரையை ஏதோ சின்ன மீன் கடித்துத் தின்றுவிட்டது. கடைசி இரை போய்க் கொண்டிருக்கையில் பெரியவரின் கை விறைத்தது. எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே பின்னால் சாய்ந்து, கைமாற்றிக் கைமாற்றி விடாமல் இழுத்தார். விரலிடுக்கில் இரத்தம் கசிந்தது. மூன்று பாகம் வரும்வரை அவர் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சிரித்தார். மீன் பாறைக்குப் போகும் வழியைத் தாண்டிவிட்டது.

இரவு வியாபாரியின் தராசில் நாலு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே நின்றது அந்தக் கலவா. விலை அவர் சொன்ன விலைதான். என்றாலும் கணக்கில் ஒரு பெரிய கோடு விழுந்தது. பெரியவர் என் நரம்பின் முடிச்சைப் பிரித்து, அறுந்த இடத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். சித்திரைக்குப் பிறகு காற்று திரும்பும், இந்தப் பக்கம் கலங்கிவிடும், வத்தையை வடகரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"அங்கயும் தண்ணி தெளிஞ்சுதான் கெடக்கும். ஊருக்குப் போய் இதே நரம்பு பத்துப் பாகம் தபால்ல அனுப்புங்க, ஐயா. அதுக்கு மேல வேண்டாம், வெலை சாஸ்தி."