போனை வைப்பது எப்படி

"நான் தொட்டா மட்டும் இது கண்டுக்க மாட்டேங்குது தாயி" என்றார் அய்யா. 2022 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரையில் ஒரு கிளை நூலகத்தின் மாடியில் எங்கள் செல்போன் வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம். நாங்கள் ஆறு பேர், எல்லோரும் கல்லூரி கடைசி வருடம். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினைந்து, இருபது பேர். எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். கொரோனா காலத்தில் பேரப்பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன், ஸ்கூல் திறந்ததும் தாத்தா பாட்டி கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை என்ன செய்வதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அய்யா கம்பாசிட்டராக இருந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த விரல்கள். ரேகை என்று பெயருக்குத்தான் இருக்கும். ரேஷன் கடை மிஷினிலும் அவருக்கு விரல் பதியாது. காய்ந்து தடித்த அந்த விரல் நுனியை ஸ்க்ரீனும் சரியாக வாங்கவில்லை. ஈரத்துணி ஒன்று கொண்டுவரச் சொல்லி விரலைத் துடைத்துவிட்டுத் தொடச் சொன்னேன். வேலை செய்தது. அவர் சிரித்தார். "அச்சாபீஸ்லயும் இப்படித்தான், எச்சி தொட்டுத்தான் பேப்பரைப் புரட்டுவோம்."

சொல்லித்தருவது சுலபம் என்று நினைத்துப் போன எங்களுக்கு முதல் மாதத்திலேயே புத்தி வந்தது. எல்லோரும் ஸ்க்ரீனை காலிங் பெல் மாதிரி அமுக்குவார்கள். நன்றாக அமுக்கினால்தானே மணி அடிக்கும்? ஆனால் அமுக்கிப் பிடித்தால் போன் வேறொன்றாகப் புரிந்துகொள்ளும். ஐகான் இடம் மாறும், எதையோ அழிக்கட்டுமா என்று கேட்கும். "தொடணும், அமுக்கக் கூடாது" என்று நாங்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. போனைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள் என்று மாற்றினோம். 'அமைப்புகள்' என்றால் என்ன என்று ஒரு டீச்சரம்மா கேட்டார், முப்பது வருடம் தமிழ்ப் பாடம் எடுத்தவர். "செட்டிங்ஸ் டீச்சர்" என்றேன். "அப்படிச் சொல்லேன்" என்றார். மறுபடி ஆங்கிலத்துக்கே மாற்றினோம். எனக்கு அது இன்றுவரை கொஞ்சம் வருத்தம்தான்.

எங்களுக்கு நாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டோம். அவர்கள் போனை நாம் கையில் வாங்கக் கூடாது. வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும், எத்தனை நேரமானாலும். வாங்கிச் செய்து கொடுத்தால் அன்றைக்கு வேலை முடியும், அடுத்த வாரம் அதே கேள்வி வரும். ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான் அந்த விதியை மீறியதே இல்லை. பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போவேன். "இந்த போட்டோவை சித்திக்கு எப்படி அனுப்பறது?" என்று அம்மா கேட்பாள். "குடும்மா, நான் அனுப்பறேன்" என்று வெடுக்கென்று பிடுங்கிவிடுவேன். ஊரில் இருக்கிற அம்மாக்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். என் அம்மாவுக்கு வாட்ஸப் கற்றுக்கொடுத்தது தெருமுனையில் பூக்கட்டும் அக்கா.

வகுப்பில் நாங்கள் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. "பயப்படாதீங்க, எதைத் தொட்டாலும் ஒண்ணும் ஆகாது." அதுதான் எங்கள் மந்திரம். ஏனென்றால் பயம்தான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. ஏதாவது பண்ணிவிட்டால் போன் கெட்டுவிடும், மகன் திட்டுவான். அந்தப் பயத்தை உடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்பினோம். வரவும் செய்தது. பேசினால் எழுத்தாக மாறும் மைக் பட்டனைக் காட்டியபோது, முதல்தடவை அது அனுமதி கேட்டது. "அலவ் குடுங்க அய்யா" என்றேன். கொடுத்தார். அவர் பேசப் பேசத் தமிழ் எழுத்து வரிசையாக விழுவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பாரம் கோக்க எங்களுக்கு முழு நாள் ஆகும் தாயி."

அவரோடு பேச உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. அதுவரை துதிக்கை வைத்த பழைய 'லை', சுழித்துவிட்ட பழைய 'ணா' எல்லாம் தனி அச்சுகள். "கை பாட்டுக்குப் பழைய அறைக்கே போகும். மூணு மாசம் மொதலாளிகிட்ட பேச்சு வாங்கினேன். கண்ணு சீக்கிரம் கத்துக்கிரும், கைதான் மறக்காது" என்பார். செல்போன் கற்றுக்கொள்ள வந்த எல்லோருக்கும் அது பொருந்தும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

அக்டோபரில் அவர் முதன்முதலாகக் கரண்ட் பில்லை போனிலேயே கட்டினார். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். ரசீதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினார். நான் கைதட்டும் பொம்மை அனுப்பினேன்.

டிசம்பரில் அவருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. போன மாத பில் கம்ப்யூட்டரில் ஏறவில்லை, இன்றிரவு ஒன்பதரைக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடவும். கீழே ஒரு சாதாரண பத்து இலக்க நம்பர். அந்த வருடம் நாடு முழுக்க சுற்றிய மோசடி அது. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும், 'போன மாத பில்' என்று ஒன்றே கிடையாது என்பது அய்யாவுக்கும் தெரியும். ஆனால் முதல்தடவையாக போனில் கட்டியிருந்தார் இல்லையா? தான்தான் ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

கூப்பிட்டிருக்கிறார். எதிர்முனை மரியாதையாகப் பேசியது. பத்து ரூபாய் கட்டினால் கணக்கு சரியாகிவிடும், அதற்கு ஒரு ஆப் போடுங்கள் என்றது. நம் ஸ்க்ரீனில் ஓடுவதையெல்லாம் இன்னொருவருக்குக் காட்டும் ஆப் அது. அது அனுமதி கேட்டது. அய்யா அலவ் கொடுத்தார். பத்து ரூபாய்க்காக ஏ.டி.எம். கார்டு நம்பரை அடித்தார். வந்த ஓ.டி.பி.யை அவர் படித்துச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, எதிர்முனையிலேயே தெரிந்தது. இரண்டு தடவையாக முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் போனது. வீட்டு ஓட்டை மாற்றச் சீட்டுப் போட்டு எடுத்துவைத்திருந்த பணம்.

நடந்தது புதன் இரவு. எனக்குச் சொன்னது ஞாயிறு, வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு. நான்கு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. "எங்கிட்டயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அய்யா" என்றேன். "உங்ககிட்டதான் தாயி சொல்ல வெக்கமா இருந்துச்சு. நல்லா சொல்லிக்குடுத்த புள்ள."

1930-க்குப் போன் செய்தோம். சைபர் குற்றப் புகாருக்கான தளத்திலும் பதிவு செய்தோம். இதில் காலம்தான் எல்லாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கு, அங்கிருந்து வேறொன்று என்று தாவுவதற்கு முன்னால் சொன்னால்தான் நடுவில் எங்காவது நிறுத்திவைக்க முடியும். நான்கு நாள் என்பது அதற்கு யுகம். பேங்கிலும் கையை விரித்துவிட்டார்கள். வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை போனதெல்லாம் அவர் தலையில்தான். 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி அப்படி. ஒரு புகார் எண் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை.

மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் ஒத்துக்கொண்டேன். அது சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வாரம் மகனே நூலகத்துக்கு வந்துவிட்டார். பாஸ்புக் பார்த்திருக்கிறார். "எழுபது வயசுக்கு மேல இவருக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீங்க சர்டிஃபிகேட் வாங்கிட்டுப் போயிருவீங்க. போனது யார் பணம்?" மாடியே அமைதியாகிவிட்டது. எங்களுக்குச் சர்டிஃபிகேட் உண்டு, உண்மைதான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மணிக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. அய்யா நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், சொந்த மகன் முன்னால் ஸ்கூல் பையன் மாதிரி. எனக்கு அந்தக் காட்சிதான் இன்றும் தாங்காது. பணத்தைவிட.

அன்றிரவு நாங்கள் ஆறு பேரும் டீக்கடையில் நின்று சண்டை போட்டுக்கொண்டோம். வகுப்பை நிறுத்திவிடலாம் என்றான் ஒருவன். மோசடி பற்றி ஒரு பாடம் சேர்த்தால் போதும் என்றாள் இன்னொருத்தி. அந்தப் பாடம் ஏற்கெனவே இருந்தது, ஓ.டி.பி. சொல்லாதீர்கள் என்று ஐம்பது தடவை சொல்லியிருந்தோம். அய்யா ஓ.டி.பி.யைச் சொல்லவும் இல்லையே! அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்தப் பயம்தான். அதைத்தான் நாங்கள் வாராவாரம் உட்கார்ந்து உடைத்திருக்கிறோம். 'எதைத் தொட்டாலும் ஒண்ணும் ஆகாது' என்பது அப்பட்டமான பொய். அது எங்கள் வசதிக்காகச் சொன்ன பொய் என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் எல்லோரையும் ஒரு கேள்வி கேட்டேன். தெரியாதவன் போனில் பேசிக்கொண்டே இருக்கிறான், சந்தேகமாக இருக்கிறது, என்ன செய்வீர்கள்? பதில் யாருக்கும் தெரியவில்லை என்றில்லை. தெரிந்தும் செய்ய முடியாது என்றார்கள். "எதுத்தாப்ல ஒரு மனுசன் பேசிக்கிட்டிருக்கும்போது எப்படிம்மா பட்டுனு வைக்கிறது? அவன் என்ன நெனப்பான்?" என்றார் ஒரு பாட்டி. அத்தனை தலைகளும் ஆடின. அதை நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை. பிடிக்காத அழைப்பை யோசிக்காமல் வெட்டுகிறவர்கள் நாங்கள். அவர்களுக்கு அது வீட்டுக்கு வந்தவரின் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி.

அன்றிலிருந்து முதல் வகுப்பில் போனை ஆன் செய்யக் கற்றுத்தருவதில்லை. வைக்கக் கற்றுத்தருகிறோம். எங்களில் ஒருவர் கீழே போய் நின்று பேங்க் மேனேஜராகவோ போலீஸாகவோ கூப்பிடுவோம். பேச்சின் நடுவில், பதில் சொல்லாமல், சிவப்புப் பட்டனைத் தொட வேண்டும். அவ்வளவுதான். ஒரு பாட்டிக்கு எட்டு தடவை ஆனது. ஏழாவது தடவை, "சரி மேனேஜர் தம்பி, சாப்பிடுங்க, வச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். எட்டாவது தடவை பேசாமல் வைத்தார். வைத்துவிட்டு, "பாவம்" என்றார்.

பொங்கல் கழிந்து அய்யா திரும்பி வந்தார். சட்டைப்பையில் பட்டன் போன். பழையதை மகன் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். "போனுதான் இல்ல. இந்தப் பொட்டி இருக்குல்ல?" என்று நூலகத்துக் கம்ப்யூட்டரைக் காட்டினார். தமிழ்99 விசைப்பலகை படத்தை அச்செடுத்து ஒட்டிக் கொடுத்தேன். இடது பக்கம் உயிர், வலது பக்கம் மெய், அடிக்கடி வருவதெல்லாம் விரல் அடியிலேயே. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க கேஸு மாதிரியே இருக்கே! ஜாஸ்தி வர்ற எழுத்தைக் கைக்குப் பக்கத்துல வச்சிருப்போம்." 'க'வை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுவதைக் கண்டுபிடித்ததும், 'அக்கா', 'பக்கம்', 'தக்காளி' என்று வரிசையாக அடித்தார். இரண்டு வாரத்தில் என்னைவிட வேகமாகிவிட்டார். நான் இன்னும் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கிற ஆள்.

வகுப்புச் சுவரில் ஒட்ட நான் ஒரு அறிவிப்பு எழுதி வைத்திருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு இரண்டு ஒற்றுப் பிழைகளைச் சுழித்தார். "நான் கோத்துத் தர்றேன்" என்று உட்கார்ந்தார். 'பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைக்கலாம். தப்பில்லை.' இரண்டே வரி. நடுவில் வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் கோடு கட்டினார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை.

"ரெண்டு வரிக்கும் நடுவுல மூச்சுவிட எடமில்ல தாயி. நாங்க ஈயத் தகடு ஒண்ணு சொருகுவோம், லெட்டுனு பேரு. இதுல அது எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எண்டர் தட்டிப் பார்த்தேன், இடைவெளி அதிகமாகிவிட்டது. "அது முழு வரி. எனக்கு அரைக்கால் வரி வேணும்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து தேட ஆரம்பித்தோம். மவுஸ் அவர் கையில்தான் இருந்தது.