முதல் வகுப்பும் தொடுதிரையும்

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை. காலை மணி அடிக்கும் முன்பே முதல் வகுப்புச் சிறுவன் ஒருவனின் தாய் பள்ளி வாயிலில் எனக்காகக் காத்து நின்றார். அவர் கையில் நான்காக மடிக்கப்பட்ட தாள் ஒன்று இருந்தது.

சிறுவனின் தந்தை சரக்குக் கப்பலில் பணி புரிபவர். கப்பல் துறைமுகத்தை அடையும் நாள்களில் மட்டுமே கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச இயலும். முந்திய நாள் மாலை அப்படிப் பேசியபோது, “பேரை எழுதிக் காட்டுடா, அப்பா பார்க்கட்டும்” என்று ஆவலோடு கேட்டிருக்கிறார். மகனும் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தான். கால் மணி நேரம் கழிந்தது. தாளில் இரண்டு கோணல் கோடுகளும், பென்சில் முனை ஒடிந்து கிழிந்த ஓட்டையும் தவிர வேறொன்றும் இல்லை. “அதுல மூணு பெட்டி இருக்கும். இதுல பெட்டியே இல்லையே” என்று சொல்லி அழுதானாம்.

தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “மாசா மாசம் நல்லாப் படிக்கிறான்னு சொன்னீங்களே டீச்சர்” என்று மட்டும் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்த எனக்கு, அதைவிடக் கடுமையான சொல்லை எவரும் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் அடைக்கப்பட்ட தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. இரண்டாம் வகுப்பில் வந்து அமர்ந்த பிள்ளைகள் அதற்கு முன் வகுப்பறையையே கண்டதில்லை. மூன்றாம் வகுப்பினர் முதல் வகுப்புப் பாடத்தையும் மறந்திருந்தனர். தென்கடற்கரையில் உள்ள எங்கள் சிறிய உதவி பெறும் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் 52 பிள்ளைகள். தலைமையாசிரியையாகிய என்னையும் சேர்த்து ஆசிரியைகள் இருவர். என்ன செய்வதென்று திகைத்திருந்த வேளையில், வெளிநாட்டில் நல்ல நிலையில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் உதவிக்கு வந்தார். 2022 ஜூனில் பன்னிரண்டு கைக்கணினிகள் வந்து இறங்கின. பிள்ளைகள் அவற்றுக்கு உடனே ‘டேப்’ என்று பெயர் சூட்டிவிட்டனர்.

எழுத்தைக் காட்டி, ஒலியைக் கேட்கச் செய்து, மூன்று பெட்டிகளில் சரியானதைத் தொடச் சொல்லும் பயிற்சி அதில் இருந்தது. சரியாகத் தொட்டால் மணி ஒலிக்கும், திரையில் ஒரு நட்சத்திரம் தோன்றும். நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் நன்கொடையாளருக்கு அனுப்பி வைத்தேன். சிரித்த முகத்துடன் கைக்கணினியை ஏந்திய பிள்ளைகளின் படங்களையும் அனுப்பினேன். அவற்றில் முன்வரிசையில் நின்றவன் இந்தச் சிறுவனே.

என்னோடு பணியாற்றிய இளம் ஆசிரியை தொடக்கத்திலேயே எச்சரித்தாள். “அக்கா, ஒண்ணாம் வகுப்புக்கு வேண்டாம். மூணாம் வகுப்புக்கு மேல வச்சுக்கலாம்” என்றாள். நான் கேட்கவில்லை. காலத்தோடு ஒட்டி நடக்க வேண்டும் என்று அவளுக்கு உபதேசமும் செய்தேன். உண்மையான காரணம் வேறு. அதை இன்று மறைப்பதில் பயனில்லை. கைக்கணினியைக் கொடுத்தால் முதல் வகுப்பு அமைதியாக இருக்கும். அந்நேரத்தில் நான் நான்காம் வகுப்புக்குக் கணக்கும் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலமும் நடத்தலாம்; அலுவலகப் பதிவேடுகளையும் எழுதி முடிக்கலாம். நாளொன்றுக்கு அரைமணி என்று தொடங்கியது, தசரா விடுமுறைக்குள் ஒன்றரை மணியாக வளர்ந்திருந்தது. எவரும் திட்டமிட்டு வளர்க்கவில்லை. புளியங்கொட்டைகளும் மணல் தட்டுகளும் இரும்பு அலமாரிக்குள் போயின. அந்த நெரிசலில் கதை சொல்லும் வேளையும் காணாமற்போயிற்று.

அன்று காலை வகுப்பில் அச்சிறுவனின் அருகே தரையில் அமர்ந்து அவன் விரலையே கவனித்தேன். ஒலி வந்ததும் அவன் முதற்பெட்டியைத் தொட்டான், சிவப்பு. இரண்டாவதைத் தொட்டான்; சிவப்பு. மூன்றாவதைத் தொட்டான், பச்சை, மணி, நட்சத்திரம். அடுத்த எழுத்துக்கும் அதே முறை. எழுத்தை அவன் பார்க்கவே இல்லை. நிறத்தை மட்டுமே பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றில் ஒரு முறை சரியாக அமையும். தவறினால் மீண்டும் தொடலாம் என்னும்போது, நட்சத்திரம் கிடைக்காமல் போக வழியே இல்லை. அவன் ஏமாற்றவில்லை. அப்பொறி எதைக் கற்பித்ததோ அதை மிக நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான். நான்தான் அந்த நட்சத்திரங்களைக் கல்வி என்று எண்ணிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

வாசக அன்பர்களே, தமிழ் எழுத்தைக் கற்பிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன ட, ப, ம முதலியவற்றை முதலில் பழக்கி, கை ஓரளவு கட்டுக்குள் வந்த பிறகே சுழியும் வளைவும் கொண்ட எழுத்துகளுக்குக் கூட்டிச் செல்வோம். அதன் பின் வருவது கொம்பு. ‘தே’ என்று சொல்லும்போது தகர ஒலிதான் முந்துகிறது; ஏகாரம் பிந்துகிறது. எழுதும்போதோ கொம்பு முந்துகிறது, தகரம் பிந்துகிறது. ‘தோ’ என்றால் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமுமாக எழுத்து நடுவில் நிற்கும். காது கேட்ட வரிசை ஒன்று, கை எழுதும் வரிசை வேறொன்று. இந்த முரணைப் பிள்ளை தன் கையாலேயே பலமுறை தவறி, அழித்து, மறுபடி எழுதித்தான் கடக்க வேண்டும். பெட்டிக்குள் முழு எழுத்தாக அச்சிட்டு வைத்ததைத் தொடும் விரலுக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர் போலும். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் இவ்வழக்கத்தைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். நம் தெருத் திண்ணையின் மணல் இங்கிலாந்துப் பள்ளிகள் வரை சென்றது. நாமோ அதை அலமாரியில் பூட்டி வைத்தோம். பூட்டியது என் கைதான்.

அந்நிகழ்ச்சிக்குப் பின்னர், கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2012இல் வெளியாயிற்று. எழுத்துகளைத் தாமாகவே தாளில் எழுதிப் பார்ப்பது, புள்ளிக்கோட்டின் மேல் வரைவது, விசைப்பலகையில் தட்டுவது என மூன்று வகைப் பயிற்சிகள் அளித்தனர். பிறகு அவ்வெழுத்துகளைப் பார்க்கச் செய்து மூளையின் இயக்கத்தைப் படம் எடுத்தபோது, வாசிப்புக்கு உதவும் பகுதிகள் தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே நன்கு விழித்தெழுந்தன. தட்டச்சிட்ட எழுத்துகளுக்கு அப்படி நிகழவில்லை. புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தவற்றுக்கும் அப்படியே. இச்செய்தி என்னைச் சற்று வெட்கப்பட வைத்தது. ஆண்டாண்டு காலமாகப் புள்ளிக்கோட்டு ஏடுகளைத் தாராளமாக வழங்கியவள் நான்.

நம் நாட்டிலும் இவ்விஷயத்தில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டி நெறிகள், மழலையருக்கு நாளொன்றுக்கு முப்பது நிமிடத்துக்கு மேல் கூடாது என்றும், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரையிலான அமர்வுகள் இரண்டுக்கு மிகக் கூடாது என்றும் வரையறுத்தன. அது வீட்டிலிருந்து பயின்ற காலத்துக்குச் சொன்ன அளவு. ஆசிரியை எதிரிலேயே நிற்கும் வகுப்பறையில் நான் அதே அளவு நேரத்தைத் திரைக்குக் கொடுத்திருந்தேன். கணினிக் கல்வியில் முன்னோடியாக விளங்கிய ஸ்வீடன் நாடே, பாலர் பள்ளிகளில் மின்கருவிகளைக் கட்டாயமாக்கும் ஏற்பாட்டை 2023இல் கைவிட்டுப் பாடநூல்களுக்குப் பணம் ஒதுக்கியது.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். சீனாவின் குவாங்சௌ நகரில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாண்டு கவனித்தனர். ஆறு பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக நாற்பது நிமிடம் வெளியில் விட்டனர். கிட்டப்பார்வை புதிதாக வந்தோர் அப்பள்ளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர். மற்றவற்றில் 39க்கும் மேல். எங்கள் பள்ளியிலோ வேப்பமர நிழலும் கடற்காற்றும் காசில்லாமல் கிடைத்தன.

இவ்வளவும் சொன்னதால் நான் கருவியையே பழிக்கிறேன் என்று கருதிவிட வேண்டாம். இரண்டாம் வகுப்பில் பார்வைக் குறைவுள்ள ஒரு சிறுமி இருந்தாள். பாடநூலை மூக்கோடு ஒட்டி வைத்தாலும் அவளுக்கு எழுத்து தெளியாது. கைக்கணினியில் ஒரே எழுத்தைத் திரை முழுவதும் பெரிதாக்கிக் காட்டியபோது, ‘ள’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள வேறுபாட்டை அவள் முதன்முறையாகக் கண்டாள். அன்று அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்க இயலாது. அவளிடமிருந்து அதைப் பறிப்பது பாவம். திமிங்கிலம் நீரின் அடியில் நீந்தும் காட்சியைக் கடற்கரைப் பிள்ளைகளுக்குத் திரையில் காட்டியதும் அப்படித்தான். பத்து நிமிடம் பார்த்தார்கள். ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார்கள்.

டிசம்பரில் முடிவெடுத்தோம். முதல் வகுப்பில் பிள்ளைகள் கையில் கைக்கணினி இல்லை. வேண்டும்போது ஆசிரியை மட்டும் காட்டுவார். மூன்றாம் வகுப்பு முதல் நாளுக்கு அரைமணி. அச்சிறுமிக்கு மட்டும் வரையறை இல்லை. இளம் ஆசிரியை முதல் வகுப்பை ஏற்றுக்கொண்டாள். மற்ற வகுப்புகளை இணைத்து நான் பார்த்துக்கொண்டேன். இரைச்சல் மிகுந்தது. என் குரல் மாலைக்குள் கம்மிவிடும். பதிவேடுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

நன்கொடையாளருக்கு மடல் எழுதுவதுதான் பெரும்பாடாயிற்று. நட்சத்திரக் கணக்குகள் அனைத்தும் பொருளற்றவை என்று நானே எழுத வேண்டும். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை அனுப்பினேன். மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு தொலைபேசியில், “டீச்சர், ஊர்ல எல்லார்கிட்டயும் அந்தப் படத்தைக் காட்டியிருந்தேனே” என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. “நானும்தான் காட்டினேன், தம்பி” என்றேன்.

பெற்றோர் சிலர் அதைவிடக் கடுமையாக எதிர்த்தனர். பக்கத்து ஊர் ஆங்கிலப் பள்ளியில் பாலர் வகுப்பிலேயே கணினி தருகிறார்கள், நீங்கள் மட்டும் ஏழைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குகிறீர்களே என்றனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்மவர் பலமுறை பின்னால் தள்ளப்பட்டவர்கள் அல்லவா? அடுத்த ஜூனில் இருவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றனர். மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடம் கணக்கிடப்படும் பள்ளியில் இருவர் என்பது சிறிய எண் அன்று. அந்த ஆண்டு முழுவதும் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் என் நெஞ்சு படபடக்கும். பணியிடம் தப்பியது, என் முடிவால் தப்பியது என்று சொல்ல மாட்டேன். 2024 மே மாதம் ஓய்வு பெற்றேன்.

அந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்லவில்லையே. மணல் தட்டில் தொடங்கினான். முதல் இரண்டு வாரம், எழுதி முடித்ததும் என் முகத்தையே பார்ப்பான். மணி ஒலிக்கும் என்று காத்திருப்பான். மெல்ல மெல்ல அதை மறந்தான். அவன் பெயரின் முதல் எழுத்தில் கொம்பு உண்டு. அதை வலப்புறத்திலேயே இட்டுக்கொண்டிருந்தான். நான் திருத்தியபோது, “சத்தம் பின்னாலதானே வருது டீச்சர், இதை ஏன் முன்னால போடணும்?” என்று கேட்டான். முப்பது ஆண்டுகளில் என்னிடம் எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு விடை தெரியவில்லை. அப்படித்தான் வழக்கம் என்று சொல்லி நழுவினேன்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறன்று கப்பல் மீண்டும் கரை சேர்ந்தது. தந்தைக்கு எழுதிக் காட்டிய தாளைத் தாய் மறுநாள் கொண்டுவந்தார். எழுத்துகள் சரிந்து கீழ்நோக்கி ஓடின. கொம்பு சரியான இடத்தில் இருந்தது. எப்படி எழுதினான் என்று கேட்டேன். முதலில் சிறிது இடம் விட்டானாம். பெயரை எழுதி முடித்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து கொம்பைப் போட்டானாம்.