வெள்ளைக் குட்டியா? கைதட்டிப் பாருங்கள்!

ராஜபாளையம் நாய்க்குப் பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் அழகு. அந்த அழகிலேயே ஒரு சிக்கல்: நிறமிக் குறைவால் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

எங்கள் கீரனூர்த் தோப்புக் காவலுக்குக் குட்டி பார்க்கப் போனபோது, எட்டு வாரம் முடிந்த ஐந்து குட்டிகள் இருந்தன. அதில் சாதுவான ஒன்றை மகள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"கூட்டத்துல தெரியாது மாப்ள, மத்தது ஓடுனா அதுவும் ஓடும்" என்ற மாமா, ஒவ்வொன்றாகத் தனியே விட்டு, பின்னால் நின்று கைதட்டினார். மகளின் குட்டி மட்டும் திரும்பவில்லை.

எங்களுடையது ரோட்டோரத் தோப்பு. லாரி ஹாரன் கேட்காத நாயை எப்படி அங்கே விடுவது? சட்டெனத் திரும்பிய குட்டியைத் தூக்கிக்கொண்டோம்.

"அப்போ இதை யாருப்பா எடுப்பாங்க?" என்றாள் மகள்.

"கை ஜாடை காட்டுனா பழகிக்கும் பாப்பா. எங்க வீட்டோட இருக்கட்டும்" என்றார் வளர்ப்பவர்.