ஆறாவது பல்லை எண்ணிப் பார்த்தீர்களா?

“பால்பல்தானே... விழுந்து முளைச்சிடும், விடு!”

குழந்தைகளின் சொத்தைப் பல்லுக்குப் பல வீடுகளில் சொல்லப்படும் தீர்ப்பு இது. என் அக்கா மகளின் கடைவாயில் கறுப்புப் புள்ளி தெரிந்தபோது அம்மாவும் இதையேதான் சொன்னார். அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

சில வாரங்களிலேயே, ஐஸ்கிரீமை ஒரு வாய் வைத்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பல் மருத்துவரிடம் நானும் துணைக்குப் போனேன். பார்த்தவர், “இது பால்பல் இல்லம்மா, நிலைப்பல்” என்றார். அக்காவுக்கு அதிர்ச்சி. “அந்த இடத்துல பல்லே விழலையே டாக்டர்?”

அங்கேதான் விஷயம். பால்பற்கள் மொத்தம் 20. மேல் வரிசையில் வலப்பக்கம் 5, இடப்பக்கம் 5, கீழேயும் அப்படியே. சுமார் 6 வயதில் இந்த ஐந்துக்கும் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. முளைக்கும்போது மற்ற பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷும் சரியாகப் படாது. அதன் பள்ளங்களில் பிஸ்கட் துகள் ஒட்டிக்கொள்ளும். ஆயுசுக்கும் மெல்ல வேண்டிய பல் அது; போனால் மறுபடி முளைக்காது.

இத்தனைக்கும் அவள் பள்ளியில் பல் மருத்துவ முகாமே நடந்திருக்கிறது. ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்க்கணும்?’ என்று கேட்டால், ‘ரெண்டு!’ என்று கத்துவாள். ஆனால், அக்கா வீட்டு இரவு வேறு மாதிரி. சாப்பாடு, டிவி, சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால், தூக்கம். தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகத்தான் சுரக்கும். பல்லில் தங்கிய சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கும். அதைக் கழுவிவிட ஆளில்லை. பெரியவர்கள் யாரும் இரவில் பிரஷைத் தொடாத வீட்டில், பள்ளியில் படித்த பதில் பதிலாகவே நின்றுவிடுகிறது.

நல்லவேளை, பல்லை அடைத்துச் சரிசெய்துவிட்டார்கள். மற்ற மூன்று கடைவாய்ப்பற்களின் பள்ளங்களையும் ‘சீலன்ட்’ பூசி மூடினார்கள். மருத்துவர் சொன்னவை எளிமையானவை. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்க வேண்டாம். 2 நிமிடம் தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும். உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். 7, 8 வயது வரையாவது பெரியவர் ஒருவர் கூடவே நின்று, கடைவாயைத் தேய்த்துவிட வேண்டும்.

இப்போது அக்கா வீட்டில் பால் முதலில், பிரஷ் கடைசியில். அக்கா, மாமா, அவள் என மூவரும் வாஷ்பேசின் முன்னால் நிற்கிறார்கள். மாமா அவசரமாகத் துப்பினால், “அப்பா, இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகலை!” என்று அதட்டுவது அவள் வேலை. முகாம் சொல்லிக்கொடுத்த பாடம் இப்போதுதான் பழக்கமாகியிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை இருக்கிறதா? இன்று இரவு செல்போன் டார்ச்சை அடித்து, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஆறாவதாக ஒரு பல் எட்டிப் பார்த்தால், அது பால்பல் இல்லை. பாட்டியாகும்வரை, தாத்தாவாகும்வரை உங்கள் பிள்ளைக்கு அந்தப் பல்தான்.