மூன்று மூட்டை யூரியா

திருமழபாடி விவசாயி ஒருவர் மனைவியின் இதய சிகிச்சைக்காக முதன்முறையாகச் சென்னை போனார். கையில் இருந்தது நகையை அடகு வைத்த பணம். விடியற்காலையில் பேருந்து கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டது. சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு ஆட்டோவில் 800 ரூபாய் கேட்டார்கள். மூன்று மூட்டை யூரியாவின் விலை! அதே நிலையத்தில் மாநகரப் பேருந்துகளும் நின்றன. அது தெரியாமல் கொடுத்துவிட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டதால், மகன் அதை எடுத்துக்கொண்டு மறுநாள் ஓடிவர வேண்டியதாயிற்று.

மறுபரிசோதனைக்குப் போனபோது அரியலூரில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் பூங்கா நிலையம், பக்கத்திலேயே மருத்துவமனை. இருவருக்கும் இரண்டு டீ குடிக்கும் காசுதான் ஆனது. மதியம் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் மனைவிக்கு டிக்கெட்டே இல்லை.

இப்போது ஊரில் யார் சென்னைக்குக் கிளம்பினாலும் அவரிடம்தான் வழி கேட்கிறார்கள். “காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய மருந்துச் சீட்டு மூணையும் முதல்ல எடுத்து வைங்க. பணத்தை ஒரே பையில வைக்காதீங்க. எப்படிப் போறதுன்னு இங்கேயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்புங்க” என்கிறார் அவர்.