குவியலுக்குள் ஒரு கை

பூதலூர் வட்டாரத்தில் நெல்லை அறியாதவர் இலர். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தின் முன்னே நெல் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். மேலே பொன்போலக் காய்ந்திருப்பதைக் கண்டு எவரும் எடை போட்டுவிடுவதில்லை. உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி ஈரம் பார்ப்பார்கள். 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. இதைப் பிறந்தது முதல் கண்டுவந்த நாம், ஒரு காரைப் பார்க்கப் போன இடத்தில்தான் இதன் பொருளை உணர்ந்தோம்.

2017 ஆம் ஆண்டு நம் தமக்கையின் மகன் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். இரண்டே இருக்கை, திறந்து மூடும் கூரை, தரையை ஒட்டிய உடல் கொண்ட ஒரு பந்தயக் கார் வேண்டும் என்பது அவருடைய பிள்ளைப் பருவத்து ஆசை. உழைத்து ஈட்டிய பணத்தில் எழும் ஆசையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் வீடு கட்டுவதற்கென்று எடுத்து வைத்த பணம். அதனால்தான் உடன் சென்றோம்.

"நாற்பது லட்சத்துக்கு மேல் போன வண்டி, மாமா. பத்துக்குத் தருகிறார்கள்" என்றார் வழியெல்லாம். வண்டி சென்னையில் இருந்தது. 2011 இல் செய்யப்பட்டது. தஞ்சாவூரில் நமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். அவர் சொன்ன முதல் வார்த்தையே நம்மைச் சிந்திக்க வைத்தது.

"பாய், வண்டிக்கு வயதானால் வண்டியின் விலைதான் இறங்கும். அதன் சாமான்களின் விலை இறங்காது. பத்து லட்சத்துக்கு வாங்கினாலும், பிரேக் தட்டு மாற்றும் நாளில் அது நாற்பது லட்சத்து வண்டிதான்."

எவ்வளவு உண்மை! யானையை மலிவாக வாங்கலாம். தீனியை மலிவாகப் போட இயலுமா?

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுதத் தொடங்கினார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3211 என்று இருந்தது. ஆறு வயதுடைய ரப்பர். பட்டை தேயாதிருந்தும் மாற்ற வேண்டியதே. கிளட்ச் தளர்ந்திருந்தது. கூரையைத் தூக்கும் எண்ணெய்க் குழாயில் கசிவு. இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லிப் புகையைக் கவனித்தார். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை அடங்காமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே இறங்குகிறது என்று விளக்கினார். அவ்விரண்டும் இல்லை. கூட்டிப் பார்த்ததில் பழுதுச் செலவு இரண்டரை லட்சம் ஆயிற்று.

"பன்னிரண்டரை ஆனாலும் நட்டமில்லை, மாமா" என்றார் மருமகன். நாமும் ஏறக்குறைய இசைந்துவிட்டோம்.

அப்போது மெக்கானிக் இருக்கைப் பட்டையை அதன் கடைசி முனைவரை இழுத்தார். வெளியே தெரியாத அந்தப் பகுதியில் பழுப்பு நிறத்தில் ஒரு கறைக் கோடு. இருக்கையின் அடித்திருகுகளில் துரு. தரைவிரிப்பின் ஓரத்தைக் கிளப்பி உள்ளே கைவிட்டார். விரல்களில் நுண்ணிய வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது. காவிரிக் கரையில் வாழும் நமக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னையை மூழ்கடித்ததே, அந்த வெள்ளத்தின் நினைவாகத்தான் இருக்கவேண்டும்.

மெக்கானிக் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. தாழ்ந்த வண்டி இது. மற்ற கார்களுக்குச் சக்கரம் நனையும் தண்ணீர், இதற்கு இருக்கைவரை வரும். மின்கம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தரையோடு கிடக்கின்றன. இன்று ஓடும், பச்சை பூத்த இணைப்பு எது, எந்த மாதம் அறுந்துபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேய்மானத்துக்குக் கணக்கு உண்டு. மறைத்த ஈரத்துக்குக் கணக்கு இல்லை."

விற்க வந்த தரகரிடம் கேட்டோம். அவர் சிறிதும் தயங்கவில்லை. "வெள்ளத்தில் நின்றதா என்று நீங்கள் கேட்கவில்லையே!" என்றார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். மழை பெய்ததை அண்ணலார் குற்றமாகக் கொள்ளவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததே குற்றமாயிற்று. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று மார்க்கச் சட்ட நூல்களும் விரிவாகப் பேசுகின்றன.

திரும்பும் இரயிலில் மருமகன் மௌனமாக இருந்தார். அவரைத் தேற்ற வாயெடுத்த நமக்குச் சொல் வரவில்லை. நாமும் ஒருமுறை ஒரு காரை விற்றிருக்கிறோம். நீலப்புகை கக்கிய பழைய வண்டி அது. விற்பதற்கு முதல் நாள் கெட்டியான எண்ணெயை ஊற்றிப் புகையை அடக்கினோம். வாங்க வந்தவர் கேட்கவில்லை; நாம் சொல்லவில்லை. அந்தத் தரகரின் வாயிலிருந்து வந்தது நம்முடைய சொல்லேயன்றோ!

அடுத்த வாரம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இருக்கும் அந்த மனிதரைத் தேடிச் சென்றோம். வண்டி எப்போதோ கைமாறிவிட்டிருந்தது. இன்ஜினுக்குப் பதினெட்டாயிரம் செலவழித்ததாகச் சொன்னார். அந்தத் தொகையை எடுத்து வைத்தோம். நெடுநேரம் மறுத்தவர், பிறகு பெற்றுக்கொண்டு சொன்னார்:

"அன்றைக்கே சொல்லியிருந்தால் பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்டிருப்பேன் பாய். வண்டியை வாங்காமல் போயிருக்க மாட்டேன்."

குறையைச் சொன்னால் விற்பனை கெட்டுவிடும் என்று அஞ்சித்தான் நாம் மறைத்தோம். சொல்லியிருந்தால் நமக்குக் குறைந்திருப்பது பதினைந்தாயிரம், அவ்வளவே. வாங்குபவர் கைவிட்டுப் பார்ப்பது அவருடைய அறிவு. அவர் கைவிடுமுன் ஈரத்தை மேலே எடுத்து வைப்பது நம்முடைய கடமை.