பட்டி மாறும் நிலம்

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிச் சத்தம் தேயும் இடத்தில் நண்பரின் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. வீடே தறியில் உட்கார்ந்துவிட்டதால் ஆறு வருஷமாக அதில் ஏர் பூட்டவில்லை. அருகும் கோரையும் முழங்கால் உயரம், ஓரமெல்லாம் வேலிகாத்தான். இந்த ஆனியில் வேர்க்கடலை போட வேண்டும், ஆனால் களைக்கொல்லி அடிக்க மனம் வரவில்லை அவருக்கு. வேலிகாத்தானை ஆள் விட்டு வெட்டினார். மிச்சத்துக்கு ஆட்டுப்பட்டி போடச் சொல்லியிருந்தார். தெற்கே இதைக் கிடை என்பார்கள்.

பட்டி போட ஒரு பெரியவர் சுமார் இருநூறு ஆடுகளோடு வந்தார். சிவந்த நிறம், கம்பளி இல்லாத உடம்பு. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக்கே உரிய மெட்ராஸ் ரெட் இனம். பகல் முழுக்க நிலத்தில் மேயவிட்டார். பொழுது சாய்ந்ததும் ஒரு மூலையில் குச்சி நட்டு, வலை கட்டி, ஆடுகளை அடைத்தார். நிலம் இவ்வளவு இருக்க ஏன் இப்படி நெருக்கி அடைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"மேயறது வேற, படுக்கறது வேற தம்பி. பகல்ல எங்க வேணா மேயும். ராத்திரி எங்க படுக்குதோ அங்கதான் எரு."

நடுச்சாமத்தில் எழுந்து குரல் கொடுத்து மந்தையைக் கிளப்பினார். படுத்திருந்த ஆடு எழுந்ததும் மூத்திரம் விடும், புழுக்கை போடும். புழுக்கை கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணுக்குள் இறங்கும் மூத்திரத்தின் சத்து தெரிவதில்லை. வெயிலில் காய விட்டால் அது காற்றோடு போய்விடும், சீக்கிரமே உழுதுவிட வேண்டும் என்று நண்பரிடம் இரண்டு முறை சொன்னார். ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்ற பழமொழியும் வந்தது.

என்னை அசைத்தது வேறொன்று. இங்கே வருவதற்கு முன் நாலு நாள் அவர் ஏரிப் பக்கமே மந்தையை விடவில்லை. அங்கே வேலிகாத்தான் காய் உதிர்ந்து கிடக்கிறது. ஆடு அதை ஆசையாகத் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். வெட்டிய முள்ளை அவர் ஆடே திரும்ப விதைத்துவிடக் கூடாதே! அடுத்தவர் நிலத்துக்காக நாலு நாள் சுற்றுவழி நடந்திருக்கிறார். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசும் கூலியில் இந்த நடை சேர்வதே இல்லை. அது எனக்கு உறுத்துகிறது.

விடியலில் குச்சியால் கோரையைக் கிளறிக் காட்டினார். கருத்த கிழங்குகள் மணி கோத்தது போல வந்தன. "ஆடு தலையத்தான் மேயும். இதுக்குப் பன்னிதான் சரி."

புறநானூற்றின் 168ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. காட்டுப்பன்றிகள் கூட்டமாகக் காந்தள் கிழங்கைக் கிண்டிப் புழுதியாக்கிய மலைச்சரிவில், குறவர்கள் உழாமலே தினை விதைக்கிறார்கள் அதில். பன்றியின் மூக்கை ஏராகக் கண்ட கண் எவ்வளவு பழையது! இன்றைக்குக் காட்டுப்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலையம் வைத்து வெள்ளை யார்க்ஷயர் பன்றி வளர்க்கிறோம், கொட்டகைக்குள். கோரை மண்டிய தரிசில் நல்ல வேலி போட்டு, விதைப்புக்கு முன் அவற்றை இறக்கிப் பார்க்கலாம் என்றே தோன்றுகிறது. விதைத்த பின் அதே மூக்கு நுழைந்தால் கடலை மிஞ்சாது.

"எங்க பசங்க கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கீறானுங்க. ராத்திரி முழிக்கறது அங்கயும்தான். ஆனா மாசம் பொறந்தா சம்பளம்" என்றபடி பெரியவர் வலையை அவிழ்த்தார். ஆடு படுத்த சதுரம் ஈரமாய்க் கருத்திருந்தது. அதன் விளிம்பைக் காலால் கீறி அடையாளம் வைத்துவிட்டு, அங்கிருந்தே இன்றைய குச்சியை நட ஆரம்பித்தார்.